கிழமை தெரியாத அழிஞ்சான்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கற்பனை அரக்கர்களோடு விளையாடி மூளையைக் கெடுத்துக்கொள்கிறார்களாம். நம் காலத்தில் இதெல்லாம் உண்டா என்று கேள்வி வேறு. நீங்கள் ஆளாளுக்குக் கைகூப்பி ஆமோதித்திருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் காலத்திலும் உண்டு. உங்களில் யாரையும் நாங்கள் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. என் சித்தப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தார். கப்பல் வந்தால் காகிதக் கட்டோடு ஏறி இறங்குவது அவர் பிழைப்பு. ஒரு நாள் ஏதோ ஒரு கப்பலின் அதிகாரி, வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு பக்கம் நசுங்கிய பெட்டி. திறந்ததும் டீசலும் பூஞ்சையும் கலந்த வாடை அடித்தது. உள்ளே கெட்டி அட்டை போட்ட தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் சில பகடைகளும் இருந்தன. நாம் அறிந்த தாயக்கட்டை இல்லை. ஒன்று கூம்பாக இருந்தது. இன்னொன்றுக்கு இருபது முகம். பச்சை நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தது. சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன், அதை வாயில் போட்டுக் கடித்தே பார்த்துவிட்டான்.

புத்தகம் முழுக்க மிருகங்கள். பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. படம், பெயர், அது எங்கே இருக்கும், எதைத் தின்னும், எப்படிச் சாகும் என்ற விவரம். ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை. அது தனிப் புத்தகம், அந்தக் கப்பலிலேயே தங்கிப்போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். அன்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தப் புத்தகம் ஒரு மாதிரி, இதைப் பார்த்து நாமும் மிருகங்களை உண்டாக்க வேண்டும், அதுதான் ஆட்டம். இவ்வளவு தவறாக ஒரு விளையாட்டை யாரும் புரிந்துகொண்டிருக்க முடியாது.

பேய்ப் புத்தகம் வீட்டுக்குள் வரலாமா என்று அம்மா தயங்கினாள். என் அப்பா ஆங்கில வாத்தியார், நாசரேத் ஊர்க்காரர், ஜெபப் புத்தகத்திலேயே பிழை திருத்துகிற ஆள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். "பேய் எங்க இருக்கு? பக்கம் பூரா அட்ஜெக்டிவ்லா இருக்கு. படிக்கட்டும்" என்றார். அதோடு அனுமதி கிடைத்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கடல்தண்ணீரில் ஊறியிருந்தது. எழுத்தெல்லாம் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. படம் மட்டும் பாதி மிஞ்சியிருந்தது: நீண்ட கழுத்து, ஆறு விரல், எங்களைப் பார்த்துத் திறந்த வாய். பெயரும் இல்லை, விவரமும் இல்லை. எழுத்து அழிந்துபோன பக்கத்துக்காரன் என்பதால் அதற்கு அழிஞ்சான் என்று பெயர் வைத்தோம். விவரத்தை நாங்களே எழுதுவது என்று முடிவானது.

நாங்கள் என்றால் நாலு பேர். நான், சித்தப்பா மகன், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி, அவளுடைய அண்ணன். அவர்கள் கடலோரத் தெருவில் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். அண்ணனுக்குப் பதினாறு வயது, மீசை அரும்பியிருந்தது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும். சங்குப் படகுகள் போகா. காற்று ஓய்ந்ததும் அவனும் முதல்முறையாகப் படகேறுவதாக இருந்தது. அதுவரை வேலையில்லாததால் பொடிசுகளான எங்களோடு எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வந்து உட்கார்ந்தான். காற்றில் பறந்துவரும் மணல் நறநறவென்று பல்லில் கடிபடும். நோட்டின் பக்கங்களை நாலு மூலையிலும் ஆளுக்கொரு கை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் அழிஞ்சானுக்குப் புது வகை ஒன்றைச் சொல்லலாம். இருப்பிடம், இரை, பலம், பலவீனம் என்று நாலும் இருக்க வேண்டும். நாலு பேரும் "சம்மதம்" சொன்னால்தான் அது நோட்டில் ஏறும். நோட்டில் ஏறிவிட்டால் அது உண்மை. நாலு பேரும் அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துறைமுகத்துக் கரி அழிஞ்சான் நிலக்கரி லாரிகளின் இடப்பக்கம் தொங்கிக்கொண்டு போகும் என்று எழுதிய பிறகு நாங்கள் யாரும் அந்தச் சாலையில் இடப்பக்கம் நடக்கவில்லை. மீசைக்காரனும் லாரியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போனான். ஊர் பார்த்துச் சிரித்தது. அவன் கவலைப்படவில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை அவன்.

வேம்பாரில் என் அத்தை வீடு இருந்ததால் உப்பள அழிஞ்சான் என்னுடையது. அதன் தோல் உப்புப் பொருக்கு; பாத்தியில் நடப்பவர்களின் குதிகாலை நக்கும்; மழைக்குக் கரைந்துவிடும் என்பதால் உப்புக் குவியலின் ஓலைக்கூரைக்குள் ஒளிந்திருக்கும். கயத்தாற்று அழிஞ்சான் நெடுஞ்சாலையில் டீசல் குடித்து வளரும்; எலுமிச்சம்பழம் கட்டிய லாரியை மட்டும் தொடாது. அது சித்தப்பா மகன் சொன்னது. எட்டயபுரத்துக் கரிசல் அழிஞ்சானுக்குக் கோடையில் வெடிக்கிற ஒவ்வொரு வெடிப்பும் ஒரு வாய். ஆற்றங்கரை வயல்களில் இருப்பது கொக்கு உருவில் ஒற்றைக்காலில் நிற்கும். மற்றக் காலை எங்கே வைத்தோம் என்று அதற்கே மறந்துபோயிருக்கும். நாசரேத்து அழிஞ்சான் சர்ச்சுப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கட்டைக்குரலில் பாடும், காணிக்கைப் பை வரும்போது மாத்திரம் காணாமல் போகும். அதையும் நான்தான் எழுதினேன். அப்பாவுக்குத் தெரியாது.

தோழி சொந்தமாக எதையும் சொல்லவில்லை. எங்களைத்தான் விரட்டினாள். "இன்னொண்ணு சொல்லுளா. ஒண்ணே ஒண்ணு" என்பாள். பத்து ஆனது, இருபது ஆனது, அப்போதும் போதாது. ஒவ்வொரு வகைக்கும் நாலு விவரமும் நீளமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலிலிருந்து அத்தனையையும் அண்ணனை நோட்டைப் பார்க்காமல் ஒப்பிக்கச் சொல்வாள். அவன் ஒப்பித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள் மனப்பாடம் ஆகாதவன், இதை வரிசை மாறாமல் சொன்னான். இவளுக்கு ஏன் இந்தப் பேராசை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின பருவத்தில் அவருக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டன. படகில் காற்று எஞ்சின் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் மணிக்கணக்காகச் சங்கு பொறுக்குவார்கள். அன்று எஞ்சின் மக்கர் பண்ணியிருக்கிறது. அவர் ஒரே மூச்சில் மேலே வந்தார். கரைக்கு வந்து சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர், வேகமாக மேலே ஏறியதுதான் காரணம், மூன்று பாகத்திலும் ஒன்றரைப் பாகத்திலும் நின்று நின்று வந்திருக்க வேண்டும் என்று தோழியின் அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்று கேட்டாள்.

ஊர் அதை ஏற்கவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அது பூசைக்கான நாள். அவர் வெளியூர்ப் படகு ஒன்றில், ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள் என்பதற்காகப் போய்விட்டார். எல்லாக் குளிகாரர்களும் எல்லா நாளும் வேகமாகத்தான் ஏறுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கியவருக்கு மட்டும் கால் போய்விட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஊர் மட்டுமல்ல, அவரே அப்படித்தான் நம்பினார்.

அவருடைய மகனும் நம்பினான். உனக்குப் பயமாக இல்லையா என்று ஒரு நாள் அவனிடம் கேட்டேன். "நான் என்ன ஞாயித்துக்கெழமயா போவப் போறேன்? மத்த நாள் போனா ஒண்ணும் ஆவாது. நின்னு நின்னு ஏறச் சொல்லுதாரு டாக்டரு, கூட வாரவனுவ சிரிக்க மாட்டானுவளா?" என்றான். தோழி தங்கையாக எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். தங்கை சொல்லி எந்த அண்ணன் கேட்டான்?

காற்று ஓய்ந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது, திங்கட்கிழமை படகு என்று அவன் சொன்ன நாளில்தான் தோழி முதல்முறையாகத் தன் வகையைக் கொண்டுவந்தாள். தன் கையாலேயே நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தாள், முப்பத்திரண்டாவதாக. நான் வாசித்தேன்.

"சங்குப்பார் அழிஞ்சான். இருப்பிடம்: சங்கு கிடக்கும் கடலடி, பத்துப் பாகம். இரை: கால். கீழே இருக்கும்வரை இது ஒன்றும் செய்யாது. கூடவே சங்கு பொறுக்கும். வேகமாக மேலே ஏறுகிறவரைத்தான் பிடிக்கும். முதலில் தோலில் எறும்பு ஊரும். பிறகு தோள்பட்டை கழன்றது போல வலிக்கும். பிறகு இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினது போல இருக்கும். பிறகு கால் அதனுடையது. தப்பிக்கும் வழி: மூன்று பாகத்தில் நின்று இதன் சொந்தக்காரர்கள் முப்பத்தொரு பேரையும் நாலு விவரத்தோடு மனதுக்குள் சொல்ல வேண்டும். ஒன்றரைப் பாகத்தில் நின்று மறுபடி சொல்ல வேண்டும். அவசரமாகச் சொன்னால் செல்லாது. இதற்குக் கிழமை தெரியாது. பலவீனம்: இல்லை."

சித்தப்பா மகன் கண் விரியச் "சம்மதம்" என்றான். அண்ணன் தங்கையை முறைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தான். "அவ சரின்னு சொன்னா நானும் சரி" என்று என்னைக் கைகாட்டினான்.

நான் வேண்டாம் என்றேன்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அதற்கு முந்தின வாரம் நான் கொண்டுவந்த கலங்கரை விளக்கு அழிஞ்சானை அவர்கள் சிரித்தே தள்ளியிருந்தார்கள். இவளுடையதோ எங்கள் முப்பத்தொன்றையும் வேலைக்காரர்களாக வைத்துக்கொண்டு ராணி மாதிரி வந்து நின்றது. பொறாமை. அதை வெளியே சொல்ல முடியுமா? வாத்தியார் மகளாயிற்றே, சட்டம் பேசினேன். "பலவீனம் இல்லன்னு போட்டிருக்கா. நாலும் இருக்கணும். செல்லாது." அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். தோழி என்னிடம் சண்டை போடவில்லை. அழவுமில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் எதற்காக அத்தனை வகைகளைச் சேர்த்தாள் என்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

நோட்டு என்னிடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அப்பா கையில் அது சிக்கியது. பிழை திருத்தத்தான் எடுத்தார். முதலில் திறந்ததே கடைசிப் பக்கம்; முகம் மாறியது. கால் விழுந்த தகப்பனை வைத்து ஒரு மகள் கேலிக்கதை எழுதியிருக்கிறாள் என்றே அவர் நினைத்தார். பிள்ளைகளின் மனதில் இரக்கம் வற்றிவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படும் மனிதர் அவர். அந்தக் கவலையோடுதான் சட்டையை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தோழியைக் கண்டிக்கச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனார்.

முற்றத்தில் நைலான் கட்டிலில் அவள் அப்பா சாய்ந்திருந்தார். அவள் கீழே உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குசினி வாசலில் நின்று மறுநாளைக்கு மறுநாள் கொண்டுபோக வேண்டிய சங்கு வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தான். சுவர் ஓரத்தில் கிடந்த பழைய பையில் இன்னும் சங்குச் சதையின் முடைநாற்றம் இருந்தது.

"வாங்க சார், இங்கன உக்காருங்க" என்றார் அவர்.

அப்பா உட்காரவில்லை. "ஒங்க மக எழுதியிருக்கா. நீங்க தெரிஞ்சுக்கிடணும்" என்று நோட்டை நீட்டினார்.

"எனக்கு எழுத்து அவ்வளவா ஓடாது. நீங்களே வாசிச்சிருங்க."

அப்பா வகுப்பில் வாசிப்பது போலக் கணீரென்று வாசித்தார். தோழியின் கை எண்ணெய்யோடு அப்படியே நின்றது. வாசித்து முடித்ததும், "பெத்த தகப்பன் படுத பாட்டைப் பாத்துக்கிட்டு இப்பிடி எழுதலாமா?" என்று தொடங்கினார். கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்து அவரை நிறுத்தியது.

"இன்னொருக்க வாசிங்க சார். அந்த எறும்புலேருந்து."

அப்பா குழம்பிப்போய் மறுபடி வாசித்தார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"எறும்பு ஊருனத நான் யார்ட்டயும் சொல்லலியே" என்றார் அவர் மகளிடம். "ஒனக்கு எப்பிடித் தெரியும்ளா?"

"எண்ணெ தேய்க்கயில நீங்களா மொனங்குவீயல்லா. நான் கேட்டுக்கிட்டேதான இருக்கேன்."

அவர் தன் முழங்கால்களைப் பார்த்தார். வேறு யாருடையதோ என்பது போல அவற்றின்மேல் கையை வைத்தார். "அந்தக் கெழம வரி என்ன சார்?"

"இதற்குக் கிழமை தெரியாது" என்று அப்பா வாசித்தார்.

பிறகு, இரண்டு பட்டம் வாங்கிய என் அப்பாவை விட்டுவிட்டு, பதினோரு வயது மகளிடம் கேட்டார். "அப்போ நான் ஞாயித்துக்கெழம எறங்குனதுனால இல்லியா?"

"இல்லப்பா. வேகமா ஏறுனீய. அவ்வளவுதான்."

"மத்த நாளும் அப்பிடித்தானளா ஏறுனேன்."

"மத்த நாளு அது ஒங்களக் கவனிக்கலப்பா."

அவருடைய வாய் கோணியது. கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் அழுவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு வகை, வகைக்கு நாலு விவரம், சனிக்கிழமைதோறும் ஒப்பித்தல். அவள் சேர்த்தது மிருகங்களை அல்ல. அண்ணன் தண்ணீருக்குள் நின்றாக வேண்டிய நேரத்தைச் சேர்த்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தையில் அதைச் செல்லாதாக்கிவிட்டேன்.

"சம்மதம்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

"என்ன சம்மதம்?" என்றார் அப்பா.

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தான். "பலவீனம் இல்லன்னியே?"

"இருக்கட்டும். ஒண்ணுக்கு இல்லாட்டி என்ன?"

அவன் என்னைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கட்டிலில் இருந்தவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "அப்போ நானும் சம்மதம்" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்லு, பாப்போம்" என்றாள் தோழி உடனே. விட்டால் மனம் மாறிவிடுவான் என்று பயம். அவன் அங்கேயே நின்று முப்பத்தொன்றையும் சொன்னான். கொக்கு மறந்துபோன காலுக்கு வந்தபோது கட்டிலில் இருந்தவர் சிரித்தார். நாசரேத்துப் பாடகருக்கு வந்தபோது என் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடு திரும்பும் வழி முழுக்க அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நான் அங்க போயிருக்கக் கூடாது" என்றார். போனதுதான் நல்லது என்று அவருக்குச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு சொல்லவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தோழி மணிக்கு மணி ஜன்னல் வழியே கடல் பக்கம் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் பையோடு நேராகக் கடற்கரைக்கு ஓடினோம். படகுகள் வந்துகொண்டிருந்தன. அவன் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து நடந்து வந்தான்.

"நின்னியா?" என்று கேட்டாள்.

"நின்னேன்."

"ரெண்டு எடத்துலயுமா?"

"ரெண்டு எடத்துலயுந்தாம்ளா. மேல வந்தா எல்லாப் பயலுவளும் சிரிக்கானுவ. கயத்தாத்துக்கு அடுத்து எது வரும்னு பாதியில மறந்து, திரும்ப மொதல்லேருந்து சொன்னேன்."

"நல்லது" என்றாள் அவள். அதன் பிறகுதான் அழுதாள்.

அவன் அதற்குப் பிறகு நெடுங்காலம் சங்கு குளித்தான். அந்தப் படகில் சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னாளில் கம்பு ஊன்றி நடந்தார்கள். அவன் இன்றும் நடக்கிறான். நோட்டு மழையிலோ கரையானிலோ போயிற்று. பெட்டியைச் சித்தப்பா வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நோட்டு எங்களிடம் இருந்தவரை எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. எங்களில் அவள் ஒருத்திதான் அந்த ஆட்டத்தைச் சரியாக ஆடியவள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை. கால் விழுந்த பிறகு அவர்கள் அப்பா மாதா கோயிலுக்குப் போனதே இல்லை. தூக்கிப் போகிறோம் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். எந்த முகத்தோடு மாதா முன்னால் போவது என்று மறுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் எங்கள் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே அண்ணன் வந்தான். முதுகில் அவர். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மகனின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். அவன் வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க, வேகமாக நடந்தான். பின்னால் தோழி அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அப்பா நின்று, வேதாகமத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கும்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பொறவு பேசுவோம் சார்" என்றார் அவர் மகனின் தோளுக்கு மேலிருந்து. "பூசைக்கு நேரமாச்சு."